ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாத ஊர்

பொருளாதாரத் துறை ஆய்வு மாணவி ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நூலகத்தில் என் மேசைக்கு வந்தார். மழை நாட்களில் கூலி வேலை எவ்வளவு குறைகிறது என்பது அவருடைய ஆய்வு. புவியியல் துறையினர் பல வருடங்களாக எடுத்துவைத்திருந்த தினசரி மழைக் கணக்கை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

"சார், இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை மழையே பெய்யறதில்ல. ஒம்பது வருஷமா."

அவர் சிரிக்கவில்லை. வரைபடத்தைத் திருப்பிக் காட்டினார். ஞாயிறு முழுக்க பூஜ்யம். திங்கட்கிழமை மட்டும் மற்ற நாட்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

விசாரித்தால் விஷயம் சாதாரணம். மழைமானியைப் பார்த்து எழுதும் ஊழியருக்கு ஞாயிறு விடுமுறை. இரண்டு நாள் மழையும் திங்கள் காலை ஒன்றாக அளக்கப்படும். நோட்டில் ஞாயிற்றுக் கட்டத்தை அவர் காலியாகத்தான் விட்டிருந்தார். எக்செலில் ஏற்றிய யாரோ, காலிக் கட்டம் அசிங்கமாக இருக்கிறது என்று 0 போட்டு நிரப்பிவிட்டார்கள். 'மழை இல்லை' என்பதும் 'யாரும் பார்க்கவில்லை' என்பதும் அந்த ஒரு நொடியில் ஒன்றாகிவிட்டன.

இன்னொன்றும் இருந்தது. நம் நாட்டில் மழை அளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. புதன்கிழமைக்கு நேரே எழுதியிருப்பது, செவ்வாய் காலை 8.30 முதல் புதன் காலை 8.30 வரை பெய்தது. செவ்வாய் சாயங்காலம் கொட்டிய மழை புதன் கணக்கில் இருக்கும். கூலி போனதோ செவ்வாய்க்கிழமை. புவியியல் துறையில் இதை யாரும் எழுதிவைக்கவில்லை. அங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் காரணம்.

ஆய்வுத் தரவைப் பகிர்வது பற்றிப் பேச்சு வந்தால், 'யாரும் கொடுக்க மாட்டேங்கறாங்க' என்பதுதான் முதலில் வரும் புகார். என் அனுபவத்தில் கொடுக்காமல் கெட்டதைவிட, 'இதெல்லாம் தெரிஞ்சதுதானே' என்று எழுதாமல் கொடுத்துக் கெட்டதுதான் அதிகம். நம் தரவை நாளைக்கு எடுக்கப்போகிறவர் நம் துறைக்காரராக இருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் குறித்துவைத்தவர்களின் கவலை, கப்பல் கரை சேர வேண்டும் என்பது மட்டும்தான். 1789 முதல் 1834 வரையிலான அந்தப் பதிவேடுகளைப் படமெடுத்து, எண்களைத் தட்டச்சு செய்து, இருநூறு வருடத்துக்கு முந்தைய தட்பவெப்பத்தைக் கணக்கிட எடுத்துக்கொண்டார்கள் காலநிலை ஆய்வாளர்கள்.

துறைக்குத் துறை இதில் பழக்கம் வேறு. புரத வடிவங்களுக்கான பொதுத் தரவு வங்கி 1971-இல் வெறும் ஏழு வடிவங்களோடு தொடங்கியது. மனித மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் 1996-இல் பெர்முடாவில் கூடி, புதிய வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் போடுவது என்று முடிவெடுத்தார்கள். சமூக அறிவியலில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தரவுக் காப்பகம் 1962-இல் வந்தது, பிரிட்டனின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967-இல். மொழி, இலக்கியத் துறைகளில் 'தரவு' என்ற சொல்லே ஒட்டுவதில்லை. தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "நம்மகிட்ட டேட்டா ஏதுப்பா? அதெல்லாம் லேப்காரங்க சமாச்சாரம்" என்றார். அவருடைய பீரோவின் கீழ்த்தட்டில் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பதிந்த கேசட்டுகள் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. ஒன்றின் மேல் 'ஆத்தா, 2-ம் பக்கம்' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஊர், எந்த வருடம், யார் பாடியது? அவருக்கு நினைவிருக்கிறது. அவருக்கு மட்டும். நடவுப் பாட்டில் வரும் நெல் ரகங்களின் பெயருக்காக வேளாண் துறைக்காரர் ஒருவர் அந்தப் பெட்டியைத் தேடி வந்தால், அவர் கையில் கிடைப்பது 'ஆத்தா'தான்.

நம் ஊரில் தீசிஸ் பத்திரமாக இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2009-ஆம் ஆண்டு விதிமுறைக்குப் பிறகு ஆய்வேடுகள் 'சோத்கங்கா' என்ற இணையக் காப்பகத்தில் ஏறுகின்றன. ஆனால் ஏறுவது பிடிஎஃப். அதன் பின்னால் இருக்கும் அட்டவணைகளும் ஒலிப்பதிவுகளும் ஸ்காலரின் லேப்டாப்பிலேயே இருக்கும். வைவா முடிந்து, வேறு ஊரில் வேலை கிடைத்து, ஹார்டு டிஸ்க் ஒரு நாள் படுத்துவிட்டால் முடிந்தது கதை. 2 முதல் 22 வயது வரையான 516 உயிரியல் கட்டுரைகளுக்குப் பின்னால் இருந்த தரவைத் தேடிப் பார்த்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. கட்டுரைக்கு ஒரு வயது கூடக் கூட, தரவு உயிரோடு இருக்கும் வாய்ப்பு விகிதம் ஆண்டுக்கு 17 சதவீதம் சரிந்திருந்தது.

கோப்பு பிழைத்திருந்தாலும் உள்ளே இருப்பது பிழைத்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி. 2003 வாக்கில் எடுத்த நேர்காணல்களை ஒருவர் என்னிடம் கொடுத்தார். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. கண்டுபிடித்து ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்ற அரை நாள் ஆனது. எந்த எழுத்துரு என்று ஒரு வரி இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. தமிழக அரசே ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-இல்தான். அதற்கு முந்தைய தமிழ்க் கோப்பு எது கையில் இருந்தாலும் இந்த வாரமே ஒருமுறை திறந்து பாருங்கள்.

எக்செலின் லீலைகள் உலகப் பிரசித்தம். 'செப்ட்2' என்ற மரபணுப் பெயரை அது செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதாக 2016-இல் கண்டுபிடித்தார்கள். கடைசியில் எக்செலோடு மல்லுக்கட்டி மாளாது என்று, 2020-இல் அந்த மாதிரி மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். பகிரும்போது எக்செல் கோப்போடு வெறும் எழுத்தாக, காற்புள்ளி போட்டுப் பிரித்த சாதாரண சிஎஸ்வி கோப்பு ஒன்றையும் வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

தரவைக் கொடுக்கத் தயங்குகிறவர்களின் உண்மையான பயம் வேறு. தப்பு வெளியே தெரிந்துவிடுமே! ஹார்வர்டின் கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் நாடுகளின் கடன் சுமை பற்றி 2010-இல் எழுதிய பொருளாதாரக் கட்டுரையை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் சரிபார்க்க முயன்றார். கணக்கு இடிக்கவே அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டார். அனுப்பிவைத்தார்கள். சராசரி எடுத்த கட்டத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தது 2013-இல் ஊரறிய வெளிவந்தது. சங்கடம்தான். ஆனால் கேட்டதும் கொடுத்தார்கள் பாருங்கள், அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இவ்வளவு சொன்னாலும், எல்லாவற்றையும் தூக்கி இணையத்தில் போடச் சொல்பவன் இல்லை நான். மனிதர்களிடம் எடுத்த தரவு வரும்போது என் குரல் மாறிவிடும். "பேரை எடுத்துட்டேன் சார்" என்று ஒரு மாணவர் மீனவக் கிராம நேர்காணல்களைக் கொண்டுவந்தார். மூன்றாவது நேர்காணலில், 'விசைப்படகு வைத்திருக்கும் பெண், வயது 52, கணவர் இல்லை' என்றிருந்தது. ஊர்ப் பெயர் மேலேயே இருக்கிறது. அந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அவர் உள்ளூர்க் கடன்காரரைப் பற்றிப் பேசியதெல்லாம் கீழேயே வரிசையாக இருந்தது. அமெரிக்காவில் 1990-களில் பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவத் தரவை வாக்காளர் பட்டியலோடு ஒட்டிப் பார்த்து, மாசசூசெட்ஸ் ஆளுநரின் மருத்துவக் குறிப்பையே எடுத்துக் காட்டினார் லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, பாலினம் மூன்றே போதுமாக இருந்தது. வயதை 50–60 என்று ஆக்குவது, ஊரை வட்டத்தோடு நிறுத்துவது, சில பத்திகளைத் தராமலே வைத்துக்கொள்வது, கேட்பவர் யாரென்று பார்த்துக் கொடுப்பது எல்லாம் பகிர்வில் சேர்த்திதான். அரிய செடி இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளிக்கும் இதே கதிதான். துல்லியமாகக் கொடுத்தால் பிடுங்குகிறவன் முதலில் போய்விடுவான்.

தகவல் தருபவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் நேர்மாறான சிக்கல். 'இத்தகவல் என் ஆய்வுக்கு மட்டுமே பயன்படும், பின்னர் அழிக்கப்படும்' என்ற வரி சீனியரிடமிருந்து ஜூனியருக்கு அப்படியே நகலாகி வருகிறது. கையெழுத்து வாங்கிய பிறகு என்னிடம் வந்தால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. அடையாளம் நீக்கி மற்ற ஆய்வாளர்களுக்கும் தரலாமா என்று களத்துக்குப் போகும் முன்பே ஒரு கேள்வியைப் படிவத்தில் சேருங்கள். பலர் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

எங்கே வைப்பது என்பது இருப்பதிலேயே சுலபமான கேள்வி. துறைக்கென்று காப்பகம் இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் 2013 முதல் நடத்தும் ஜெனோடோ என்ற இணையக் காப்பகம் இருக்கிறது. இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை, கூடவே பதிவை என்றைக்கும் அடையாளம் காட்டும் நிரந்தர டிஓஐ எண். கட்டுரை வரும்வரை பூட்டிவைக்கவும் முடியும். ஆகவே 'முந்திக்குவாங்க' என்ற பயம் வேண்டாம். கூடவே சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் இரண்டு பக்கம் எழுதச் சொல்வேன். அட்டவணையில் ஒவ்வொரு பத்தியின் (column) தலைப்புக்கும் பொருள், அலகு, காலிக் கட்டத்துக்கு அர்த்தம், தேதி எழுதிய முறை, அளந்தவர் யார், எந்தக் கருவி. எழுதியதை வேறு துறையில் ஒரு நண்பரிடம் கொடுத்து, அவர் எங்கே நெற்றியைச் சுருக்குகிறார் என்று பாருங்கள்.

மழைக் கோப்புக்கும் இப்படி ஒன்று எழுத உட்கார்ந்தோம். ஓய்வு பெற்றுவிட்ட அந்த ஊழியரை மாணவி ஃபோனில் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரத்தை உறுதி செய்துவிட்டு அவரே கேட்டார்: "ஆமா, 'வ' போட்டிருந்தனே, அத என்ன பண்ணீங்க?"

பெருமழையில் சேகரிக்கும் பாட்டில் நிரம்பி வழிந்திருந்தால், அளவுக்குப் பக்கத்தில் 'வ' என்று குறித்திருக்கிறார். வழிந்தது. அதாவது, பெய்தது அதற்கும் மேல். எக்செலில் ஒரு 'வ' கூட இல்லை. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து எதற்கு என்று எடுத்துவிட்டார்கள் போலும். பழைய நோட்டுகள் புவியியல் துறை மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. இதுவரை நான்கு வருடம் பார்த்து முடித்திருக்கிறோம்.