ஆக்குபேஷனல் தெரபி: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நாட்பட்ட வலியோடு இருப்பவருக்கு மருத்துவர் 'ஆக்குபேஷனல் தெரபி' என்று எழுதிக் கொடுத்தால், "நான் வேலைக்கே போகலையே, எனக்கு எதுக்கு இது?" என்றுதான் பலரும் கேட்பார்கள். குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

'ஆக்குபேஷன்' வந்தது 'ஆக்குபாரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து. பிடித்துக்கொள்வது, கைப்பற்றுவது என்று பொருள். நம் நாளை எதெல்லாம் பிடித்துக்கொள்கிறதோ அதெல்லாம் ஆக்குபேஷன்தான்: பல் துலக்குவது, சட்டைக்குப் பொத்தான் போடுவது, குழந்தையைத் தூக்குவது. சம்பள வேலை அதில் ஒரு பங்குதான். 'தெரபி' கிரேக்கத்திலிருந்து வந்தது. பணிவிடை என்பது பழைய பொருள். இந்தப் பெயரைப் பரப்பியவர்களில் ஒருவர் ஜார்ஜ் பார்ட்டன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். உடலின் இடப்பக்கம் செயலிழந்தபோது, தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்தே தன்னைத் தேற்றிக்கொண்டவர். இதற்கான அமெரிக்கச் சங்கம் 1917இல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தொடங்கியபோது அவரும் நிறுவனர்களில் ஒருவர்.

3 மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்கிறார்கள். "எங்கே வலிக்கிறது?" என்பதோடு இந்தச் சிகிச்சையாளர் நிற்பதில்லை, "வலியால் எதைச் செய்ய முடியாமல் போச்சு?" என்றும் கேட்கிறார். வலி குறைந்த நாளில் ஒரு வாரத்து வேலையை இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, அப்புறம் மூன்று நாள் படுத்துக் கிடப்பது நாட்பட்ட வலி உள்ளவர்களிடம் சாதாரணமாக நடப்பது. அதை மாற்றத்தான் கடிகாரம். 20 நிமிடம் நின்றால் இடுப்பு வலிக்கும் என்றால், 15ஆவது நிமிடமே உட்கார்ந்துவிட வேண்டும், வலிக்காவிட்டாலும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். விரல் மூட்டு வலியா? கத்திப்பிடியைத் தடிமனாக்குவார்கள், பாத்திரத்தை விரல்களால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தப் பழக்குவார்கள். வலி முழுதாகப் போய்விடும் என்ற வாக்குறுதி இதில் கிடையாது. ஆனால் வலி இருக்கும்போதே குளிக்கவும் சமைக்கவும் முடிவது சின்ன விஷயமா என்ன?

சரி, தமிழில்? 'தொழில்வழிச் சிகிச்சை' என்பது தப்பில்லை. இலக்கணத்தில் வருதல், உண்ணல் எல்லாம் தொழிற்பெயர், இறைவனுக்கு ஐந்தொழில். அங்கெல்லாம் தொழில் என்றால் செயல். ஆனால் "என்ன தொழில் செய்யறீங்க?" என்று கேட்கும் இன்றைய காதில் அது பிழைப்பாகத்தான் விழும். 'தொழில்முறை சிகிச்சை' இன்னும் மோசம், கைதேர்ந்தவர் தரும் சிகிச்சை என்று ஆகிவிடுகிறது. என் தேர்வு 'செயல்வழிச் சிகிச்சை'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "செயல்வழிச் சிகிச்சைக்குப் போன பிறகு அம்மா தானே தலை பின்னிக்கொள்கிறார்."