ஒரு கேஜிக்கு மேல் போகாதே

எங்கள் தெருமுனை டிங்கரிங் பட்டறையில் புதுப்பையன் யாராவது சேர்ந்தால், மேஸ்திரி அவனுக்கு முதல் நாள் கொடுக்கும் வேலை சோப்பு நுரை அடிப்பது. ஒரு டப்பாவில் தண்ணீர், அதில் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் பவுடர், ஒரு பழைய பெயின்ட் பிரஷ். கேஸ் வெல்டிங் சிலிண்டரின் வாயில், ரெகுலேட்டர் நட்டில், ஹோஸ் கிளிப்பில் எல்லாம் நுரையைத் தடவிவிட்டு, குமிழி கிளம்புகிறதா என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு, சுடர் கக்கும் அந்த வெல்டிங் டார்ச்சைத் தொட விடமாட்டார். "ஏண்ணே?" என்றால் "சொன்னதைச் செய்டா" என்பதோடு சரி. இப்படிக் காரணம் சொல்லாத கட்டளைகள் அவரிடம் நிறைய உண்டு. சிவப்பு ஹோஸில் ஒரு கேஜிக்கு மேல் போகாதே. எண்ணெய்க் கையோடு ஆக்சிஜன் பக்கம் வராதே. சிலிண்டரைப் படுக்க வைக்காதே. அறுந்த ஹோஸைச் செம்புக் குழாய் சொருகி இணைக்காதே.

அவர் சொல்லாமல் விட்ட காரணங்கள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த 'ஒரு கேஜி'. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்பதன் பட்டறைச் சுருக்கம் அது. பைக் டயரில் அடிக்கும் காற்றில் ஏறத்தாழ பாதிதான். அதற்கே ஏன் இவ்வளவு பயம்? சிவப்பு ஹோஸில் வருவது அசிட்டிலீன் என்ற எரிவாயு என்பதால்தான்.

வீட்டுச் சமையல் கேஸோடு ஒப்பிட்டால் இது எளிதில் புரியும். எல்பிஜி எரிய வேண்டுமானால் காற்று வேண்டும். காற்றில் அது சுமார் 2 முதல் 9.5 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும்; குறைந்தாலும் பற்றாது, மிஞ்சினாலும் பற்றாது. அசிட்டிலீனோ 2.5 சதவீதத்தில் தொடங்கி 80 சதவீதம் தாண்டியும் பற்றும். அதுகூடப் பெரிதில்லை. அசிட்டிலீன் வெடிக்கக் காற்றே தேவையில்லை. அதன் மூலக்கூறில் இரண்டு கார்பன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. நாண் ஏற்றிய வில் மாதிரி அந்த மூலக்கூறுக்குள்ளேயே ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது. அழுத்தம் கூடிய நிலையில் ஒரு அதிர்ச்சியோ சூடோ பட்டால் கார்பன் தனி, ஹைட்ரஜன் தனி என்று உடைந்து, உள்ளே இருந்த ஆற்றல் முழுவதும் ஒரே நொடியில் வெளிவரும். ஹோஸுக்குள் துளிக் காற்று இல்லாவிட்டாலும் இது நடக்கும். இந்த ஆபத்துக்குக் கீழே, பத்திரமான எல்லை என்று பரவலாக ஒத்துக்கொண்ட கோடுதான் ஏறத்தாழ ஒரு கேஜி, அல்லது சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு. நல்ல அசிட்டிலீன் ரெகுலேட்டரின் முள் தகட்டில் அந்த இடத்துக்கு மேல் சிவப்பு பூசியிருப்பார்கள். வேலைக்கு அதில் கால்வாசி அழுத்தமே பெரும்பாலும் போதும்.

சரி, ஒரு கேஜிக்கு மேல் ஆகாது என்றால், சிலிண்டருக்குள் மட்டும் 15 கேஜி எப்படி இருக்கிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வருகிறது. அசிட்டிலீன் சிலிண்டர் வெற்றுக் குடுவை இல்லை. அடி முதல் கழுத்து வரை, நுண்ணிய துளைகள் கொண்ட கல் போன்ற ஒரு பொருள் அதை நிறைத்திருக்கிறது. அந்தத் துளைகளில் அசிட்டோன் ஊறிக் கிடக்கிறது. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வருமே, அதேதான். அசிட்டோனுக்கு அசிட்டிலீன் என்றால் அப்படி ஒரு ஆசை. சாதாரண அழுத்தத்திலேயே தன் பருமனைப் போல் 25 மடங்கு வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 12 மடங்கு அழுத்தத்தில் இது 300 மடங்கு ஆகிவிடும். சோடா பாட்டிலில் கரைந்திருக்கும் கரியமில வாயு மாதிரிதான், மூடியைத் திறந்தால் மெல்ல நுரைத்து வெளியே வருகிறது. தப்பித்தவறி ஓரிடத்தில் மூலக்கூறுகள் உடைய ஆரம்பித்தாலும், பக்கத்துத் துளைக்குப் பரவுவதற்குள் அந்தக் கல் சூட்டை உறிஞ்சி அடக்கிவிடும். 'டி.ஏ. சிலிண்டர்' என்று பட்டறையில் சொல்கிறோமே, அதன் விரிவு 'டிசால்வ்டு அசிட்டிலீன்', அதாவது கரைந்த அசிட்டிலீன் என்பதுதான்.

இந்தத் துளைப்பொருளைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்டாஃப் டாலேன். அசிட்டிலீனில் எரியும் கலங்கரை விளக்குகளைச் செய்தவர். 1912இல் அசிட்டிலீன் சிலிண்டர்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது வெடித்து, கண் பார்வை போய்விட்டது. அதே ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர் போய்ப் பரிசை வாங்கி வந்தார். அந்தச் சகோதரர் கண் மருத்துவர் என்பதை என்னவென்று சொல்வது.

இப்போது 'படுக்க வைக்காதே' என்பது தானாகவே விளங்கிவிடும். சிலிண்டரைச் சாய்த்துப் போட்டால் வாயுவோடு அசிட்டோனும் வால்வு வழியே வந்து, ரெகுலேட்டரிலும் ஹோஸிலும் புகுந்து ரப்பரைக் கெடுக்கும். வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்த சிலிண்டராக இருந்தால் நிமிர்த்தி வைத்துக் குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். இன்னும் கூடுதலாக விட்டால் நல்லது. அவசரமாக உறிஞ்சினாலும் இதே கதைதான். ஒரு மணி நேரத்தில் சிலிண்டரின் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பழைய கணக்கு. டார்ச் நுனியில் பெரிய நாசில் போட்டுச் சின்ன சிலிண்டரைக் கறக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது கறுப்பு சிலிண்டர். நம் நாட்டில் தொழிற்சாலை ஆக்சிஜனுக்குக் கறுப்பு, அசிட்டிலீனுக்கு மெரூன். ஆக்சிஜனை இப்படிக் கெஞ்சிக் கரைக்க வேண்டியதில்லை. வெறும் வாயுவாகவே 150 கேஜி அளவுக்கு அழுத்தி அடைத்திருப்பார்கள். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் தன்னிடம் சிக்கிய எதையும் எரிய வைக்கும்.

எண்ணெய்க் கை விஷயத்துக்கு டீசல் எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைச் சட்டென்று அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் சிலிண்டர் வால்வை மடாரென்று திறந்தால் ரெகுலேட்டரின் குறுகிய வாய்க்குள் அதேதான் நடக்கிறது. அங்கே சும்மா இருந்த வாயுவை 150 மடங்கு அழுத்தம் ஒரே அடியில் நசுக்குகிறது. வெப்பம் வெளியேற நேரமே இல்லாவிட்டால், ஏட்டுக் கணக்குப்படி 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். அந்த இடத்தில் ஒரு சொட்டு கிரீஸ் இருந்தால் அதுதான் டீசல். அதுவும் இது காற்று இல்லை, சுத்த ஆக்சிஜன். அப்புறம் ரெகுலேட்டரின் உலோகமே எரிய ஆரம்பிக்கும். அதனால்தான் ஆக்சிஜன் வால்வின் மரையில் எண்ணெய் விடக் கூடாது; சாவியை மெல்லத் திருப்ப வேண்டும்; திறக்கும்போது ரெகுலேட்டருக்கு நேரே முகத்தை வைக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டும். சோப்பு நுரைக்கும் எண்ணெய்ப் பசை இல்லாத டிடர்ஜென்ட்தான் வேண்டும்.

சட்டையில் ஒட்டிய தூசியை ஆக்சிஜன் ஹோஸால் ஊதித் தள்ளுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதே வயிற்றைக் கலக்கும். துணியின் இழைகளுக்குள் ஆக்சிஜன் தங்கிவிடும். பிறகு ஒரு சின்னப் பொறி போதும்.

ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர்க் குழாயை மூட வலப்பக்கம் திருப்புவோம். ரெகுலேட்டரின் திருகு நேர் எதிர்: வலப்பக்கம் முறுக்கினால் அழுத்தம் கூடும், தளர்த்தினால் அடையும். சிலிண்டரைத் திறப்பதற்கு முன் திருகு லொடலொடவென்று தளர்ந்திருக்க வேண்டும். இறுக்கியே விட்டிருந்தால் உள்ளே வரும் முழு அழுத்தமும் டயஃப்ரம் எனும் உள்தகட்டில் மோதி அதைக் கிழித்துவிடலாம். அசிட்டிலீன் வால்வை முக்கால் சுற்று, மிஞ்சினால் ஒரு சுற்று திறந்தால் போதும்; சாவியை அதிலேயே விட்டுவைக்க வேண்டும், ஆபத்தென்றால் தேடக் கூடாது அல்லவா. ஆக்சிஜன் வால்வை மட்டும் முழுக்கத் திறக்கலாம்.

இரண்டு வாயுக்களின் இணைப்புகளையும் மாற்றி மாட்டிவிடாமல் இருக்க எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. அசிட்டிலீன் இணைப்புகளின் மரை இடக்கை மரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். நட்டின் விளிம்பில் சின்னக் கீறல்கள் வெட்டியிருப்பார்கள். இருட்டில் தடவினாலும் தெரியும். செம்புக் குழாய்த் தடைக்குக் காரணம் வேறு. அசிட்டிலீன் செம்போடு சேர்ந்து செம்பு அசிட்டிலைடு என்ற பொருளை உண்டாக்கும். காய்ந்த நிலையில் அது தட்டினாலே வெடிக்கும்.

இனி பற்றவைக்கலாம். முதலில் ஒவ்வொரு ஹோஸையும் தனித்தனியாகச் சில நொடிகள் திறந்து, உள்ளே தேங்கிய கலவையை வெளியே ஊதித் தள்ள வேண்டும். பிறகு டார்ச்சில் அசிட்டிலீனை மட்டும் கொஞ்சம் திறந்து, லைட்டரைக் கிளுக்கென்று தட்டினால் மஞ்சள் சுடர் எழும்பும். கூடவே கறுப்பு நூல் நூலாகக் கரி பறக்கும். வெள்ளைச் சட்டை போட்டு வந்தவன் தொலைந்தான். வாயுவைக் கொஞ்சம் கூட்டினால் கரி நிற்கும். இப்போது ஆக்சிஜனை மெல்லத் திறக்க, மஞ்சள் நீலமாக மாறும். சுடருக்குள்ளே மூன்று அடுக்குகள் தெரியும்: நாசில் நுனியில் வெள்ளைக் கூம்பு, அதைச் சுற்றிப் பறவை இறகு போல ஒரு மங்கல் நாக்கு, வெளியே நீலப் போர்வை. ஆக்சிஜனை இன்னும் கூட்டக் கூட்ட அந்த இறகு சுருங்கிச் சுருங்கி, வெள்ளைக் கூம்புக்குள் போய் மறையும் ஒரு கணம் வரும். அங்கே நிறுத்த வேண்டும். அதுதான் நடுநிலைச் சுடர். அதையும் தாண்டினால் கூம்பு கூராகி, சீறல் சத்தம் ஏறும். அது ஆக்சிஜன் மிகுந்த சுடர், இரும்பில் பட்டால் உருகிய குழம்பு நுரைத்துப் பொறி தெறிக்கும்.

இந்தக் கூம்பின் நுனியில் சூடு 3,100 டிகிரிக்கு மேல். இரும்பு 1,538இல் உருகிவிடும். கிலோவுக்கு எவ்வளவு வெப்பம் என்று கணக்கிட்டால் எல்பிஜி இதற்குச் சளைத்ததில்லை. ஆனால் எல்பிஜி தன் வெப்பத்தில் பெரும்பகுதியை வெளிப்போர்வையில் சிந்திவிடுகிறது. அசிட்டிலீன் தன் கட்டு அவிழும் ஆற்றலையும் சேர்த்து அந்தச் சின்னக் கூம்பிலேயே கொட்டுகிறது. கூம்பில் வாயு பாதிதான் எரிகிறது. விளைவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். இரண்டுமே ஆக்சிஜனுக்கு ஏங்குகிறவை. அவை வெளியே போய்க் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கி எரிவதால், உருகிய இரும்பின் மேல் காற்று அண்டாமல் ஒரு குடை விரிகிறது. இரும்பை எல்பிஜியால் வெட்டலாம், ஒழுங்காக ஒட்ட முடியாது என்று வெல்டர்கள் சொல்வது இதனால்தான்.

சுடர் ஏன் நாசிலுக்கு வெளியே நிற்கிறது, உள்ளே ஏன் ஓடுவதில்லை? ஓடத்தான் பார்க்கிறது. ஆக்சிஜன் கலந்த அசிட்டிலீனில் நெருப்பு நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் வாயுவை எதிர்த்துப் பின்னோக்கி நடக்கும். வாயு அதைவிட வேகமாக வெளியே பாய்வதால் வாசலிலேயே நிற்கிறது. நாசில் அடைத்துக்கொண்டாலோ, உலோகத்தில் முட்டினாலோ, அழுத்தம் குறைந்தாலோ வாயுவின் வேகம் தளரும். நெருப்பு உள்ளே புகும். 'டப்' என்று ஒரு சத்தத்தோடு அணைந்தால் அது சின்ன விஷயம். கீச்சென்று விசில் அடித்துக்கொண்டு டார்ச்சுக்குள்ளேயே எரிந்தால் உடனே ஆக்சிஜனை மூடி, அடுத்து அசிட்டிலீனை மூட வேண்டும். மிக மோசமானது, அடைத்த நாசில் வழியே வெளியேற முடியாத ஆக்சிஜன் சிவப்பு ஹோஸுக்குள் புகுந்து கலந்திருக்கும்போது பற்றவைப்பது. அப்போது நெருப்பு நடக்காது, வெடிப்பலையாகப் பாயும். வேகம் நொடிக்கு 2,000 மீட்டரைத் தாண்டலாம்.

அதைத் தடுக்கத்தான் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர். பொடி உலோகத்தைச் சுட்டு இறுக்கிய ஒரு சல்லடைக் கட்டி அதற்குள் இருக்கும். வாயு நுழையும், நெருப்பு நுழைந்தால் அந்த நுண்துளைகளின் சுவரில் சூட்டை இழந்து செத்துப்போகும். 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பி வலையால் மூடியபோது பயன்படுத்திய அதே கொள்கை. அசிட்டிலீனை 1836இல் கண்டுபிடித்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் எட்மண்ட் டேவி. சில நூறு ரூபாய் மிச்சம் என்று இந்த அரெஸ்டர் இல்லாமல் ஓட்டும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே நான் வண்டியை விடுவதில்லை.

வேலை முடிந்ததும் மேஸ்திரி முதலில் டார்ச்சில் அசிட்டிலீனை மூடுவார், பிறகு ஆக்சிஜனை. சில டார்ச்சுகளின் கையேட்டில் வேறு வரிசை இருக்கும். அப்போது கையேடு சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அடுத்து இரண்டு சிலிண்டர் வால்வுகள். பிறகு டார்ச்சை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, ஹோஸில் மிச்சமிருப்பதை வெளியே விடுவார். இரண்டு ரெகுலேட்டர்களின் நான்கு முட்களும் ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்கு இறங்கும். ரெகுலேட்டர் திருகுகளைத் தளர்த்திவிட்டு, அந்த லொடலொடப்பை விரலால் ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். பையன் அதற்குள் நுரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பான்.