கேரட் பாத்தி ஏன் செங்குத்தாக இறங்குகிறது?

நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கை மேலேயிருந்து பார்த்தால் சரிவு முழுக்கச் சீப்பால் வாரிவிட்டதுபோல் கேரட் பாத்திகள் தெரியும். பல தோட்டங்களில் அவை சரிவுக்குக் குறுக்கே போகாமல் மேலிருந்து கீழாக நேரே இறங்கும். மண்ணரிப்புப் பாடம் படித்த எவருக்கும் கை பரபரக்கும்: குறுக்கே அல்லவா பாத்தி பிடிக்க வேண்டும்?

அந்த விவசாயிக்கு இது தெரியாமல் இல்லை. கேரட்டும் உருளைக்கிழங்கும் மண்ணுக்குள் விளைபவை. வேரடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். நேர்ப்பாத்தி மழைநீரைச் சட்டென்று வடித்துவிடுகிறது. பயிர் பிழைக்கும், மண் போகும்.

எப்படிப் போகிறது? கனமழையின் பெரிய துளி ஒன்று நொடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மூடாக்கு இல்லாத மண்ணில் அது மோதும்போது மண்கட்டி உடைந்து தூளாகும். அந்தத் தூள் மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ள, மேற்பரப்பு மெழுகிய தரைபோல் ஆகிவிடும். உள்ளே இறங்க முடியாத நீர் சரிவில் ஓடத் தொடங்கும். ஓட ஓட வேகம் கூடும். வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். சரிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு சேதம் கீழ்ப்பகுதியில்.

ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் கரைந்தால் 10 கனமீட்டர், அதாவது சுமார் 12 டன். ஒரு லாரி லோடு போனபிறகும் தோட்டம் கண்ணுக்கு அப்படியேதான் இருக்கும். அதிலும் முதலில் போவது மக்கும் சத்தும் நிறைந்த நுண்மண். மிஞ்சுவது அமிலத்தன்மை கூடிப் புளிப்பேறிய செம்மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் போடுகிற பாஸ்பரஸைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்குக் கொடுக்காது. உர மூட்டை ஏறிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தபோது இந்த மேட்டுநிலம் பெரும்பாலும் புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு. புல் மழைத்துளியின் அடியைத் தாங்கும், வேர் நீரை உள்ளே இழுக்கும், பள்ளத்துச் சதுப்பு அதைக் கொஞ்சங் கொஞ்சமாக ஓடைக்கு விடும். படுகர்களின் சாமையும் ராகியும் இந்த ஏற்பாட்டை அடியோடு குலைக்கவில்லை. பிறகு கற்பூர மரம் எனும் யூகலிப்டஸ், சீகை எனும் வாட்டில் மரம், தேயிலை, உருளைக்கிழங்கு என்று பலவும் வந்து சேர்ந்தன. இவற்றில் தேயிலையை எல்லோரும் திட்டுகிறார்கள். ஆனால் கவாத்து செய்து கிளை கூடிய தேயிலை மண்ணை ஓரளவு நன்றாகவே மூடும். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஆண்டுக்கு மூன்று முறை மண்ணைத் திறந்துவைப்பது காய்கறிதான். பசுந்தேயிலை விலை விழும்போதெல்லாம் செடியைப் பிடுங்கிவிட்டு கேரட்டுக்குப் போகத் தோன்றுவது இயல்பு. மலைக்கு அது லாபமில்லை.

கரைந்த மண் தனியாகவும் போவதில்லை. உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு 1961இல் நீலகிரியில்தான் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன் கூடு குண்டூசித் தலையைவிடச் சிறியது. உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள். உருளைக்கிழங்கு வேர் கசியும் வேதிப்பொருள் வந்து சேரும்வரை அவற்றில் பல பொரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். மேல் தோட்டத்து மண் கீழே இறங்கும்போது இந்தக் கூடுகளும் கூடவே இறங்குகின்றன.

தண்ணீரை வடிக்கவும் வேண்டும், ஓடவும் விடக்கூடாது. இரண்டுக்கும் ஒரே விடை, உள்நோக்கிச் சாய்ந்த படித்தளம். படியின் வெளிவிளிம்பு உயரமாகவும், மலையை ஒட்டிய உள்பக்கம் சற்றுத் தாழ்வாகவும் இருக்கும். நீர் விளிம்பைத் தாண்டி அடுத்த படியில் குதிக்காமல் உள்பக்கத்து வாய்க்காலுக்கு வந்து, பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, புல் வளர்ந்த பொது ஓடையில் சேரும். பாத்தியில் நீர் நிற்காது, கேரட் அழுகாது. படியின் சுவரில் வளர்க்கும் புல் மாட்டுக்கும் ஆகும்.

வாய்க்கால் தூர்ந்துபோனால் கதையே மாறிவிடும். தேங்கிய நீர் ஆழமான மண்ணுக்குள் இறங்கி, மண்துளைகளில் நிற்கும் நீரின் அழுத்தத்தைக் கூட்டி, துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். இனி மழை இப்படித்தான் மொத்தமாகக் கொட்டப் பார்க்கும். நேற்றைய மழைக்கு அளந்து வெட்டிய வாய்க்கால் அதற்குப் போதாது.

அகலமான வாய்க்கால் வெட்ட யார் முன்வருவார்? கேரட் நிலத்தில் கணிசமானது குத்தகை. நாலைந்து போகத்துக்கு நிலம் எடுத்தவர், பத்து வருடம் கழித்துப் பலன் தரும் படியில் பணம் போடமாட்டார். நிலத்துக்காரர் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறார். பொது ஓடையோ நாலு பேர் தோட்டத்தின் வழியாக இறங்குகிறது. படி வெட்டத் தரும் மானியத்தைத் தோட்டம் தோட்டமாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இங்கேதான் தடுக்கிவிழுகிறது. தண்ணீருக்குப் பட்டா எல்லை தெரியாது. மேலுள்ள நாலு தோட்டத்துக்காரர்களும் ஒரே ஓடைக்குக் கையெழுத்துப் போட்டால்தான் கீழே இருப்பவர் தன் படியை நம்பி விதைக்க முடியும்.