கட்டை ரேட்டைப் பாத்து மரக்கன்னு வாங்குறதுக்கு முன்னாடி

இந்த ரெண்டு வருஷமா எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "சார், சவுக்கு நல்ல ரேட்டு போகுதாமே, நாலு ஏக்கர் சும்மா கெடக்கு, போட்டுரலாமா?" பதினேழு வருஷமா பேப்பர் மில் கட்டையோடதான் என் பொழப்பு. முதல்ல ஒரு மில்லுக்கு மரம் வாங்குற ஃபீல்டு ஆளா சுத்துனேன், இப்ப விவசாயிங்க பக்கம் உக்காந்து ஆலோசனை சொல்றேன். ஆனாலும் இதுக்கு ஒரே வார்த்தைல பதில் சொல்ல வரமாட்டேங்குது, ஏன்னா இன்னைக்கு நடுற கன்னு இன்னைக்கு ரேட்டுக்கு விக்காது, மூணரை நாலு வருஷம் கழிச்சு என்ன ரேட்டோ அதுக்குதான் விக்கும்.

இப்ப ரேட்டு ஏறுன கதையே அதுதான். 2020 மார்ச்ல ஊரடங்கு போட்டாங்களா, ஸ்கூல் கிடையாது, ஆபீஸ் கிடையாது, ஜெராக்ஸ் கடை பூட்டு, நோட்டுப் புக்கு யாரும் வாங்கல, மில்லுங்க கட்டை வாங்குறத குறைச்சிட்டாங்க. வெட்டுக்கு நின்ன தோப்புக்காரங்க வெறுத்துப்போய் கெடச்ச விலைக்கு விறகுக்குத் தள்ளிட்டு, வேரைத் தோண்டிப் போட்டுட்டு மக்காச்சோளம், மரவள்ளின்னு போயிட்டாங்க. நர்சரிக்காரங்க கன்ன வெச்சுக்கிட்டு முழிச்சாங்க. அன்னைக்கு யாரும் நடாத அந்த மரம் இருக்கு பாருங்க, அதுதான் 2023, 2024ல வெட்டுக்கு வந்திருக்கணும். வரல. அதுக்குள்ள ஸ்கூல் தொறந்தாச்சு, பேப்பர் கேட்டு க்யூ நிக்கிறாங்க, இன்னொரு பக்கம் ஸ்ரீகாளஹஸ்தியிலயும் பத்வேல்லயும் மரத்தை நாராக்கி அழுத்தி எம்டிஎஃப் பலகை செய்யிற பெரிய ஃபாக்டரிங்க அதே தைல மரத்தையும் சவுக்கையும் கேக்குறாங்க, பாய்லருக்கு எரிக்கிறவங்க வேற. ஆந்திரா வண்டி இங்க வருது, நம்ம வண்டி அங்க போகுது. ரேட்டு ஏறாம என்ன செய்யும்?

இதுல மில்லு பக்கம் கணக்கு தெரியாம விவசாயி முடிவெடுக்கக் கூடாதுன்னு நான் எப்பவும் சொல்றது. பச்சைக் கட்டைல பாதி தண்ணி. மீதி பாதியில, மருந்து போட்டு வேக வெச்சா, பேப்பர் செய்யிற கூழா வர்றது மறுபடி பாதிக்கும் கொஞ்சம் கம்மி. ஆக ஒரு டன் கூழுக்கு நாலு டன்னுக்கு மேல பச்சைக் கட்டை வேணும். மில்லு வாசல்ல கட்டை டன் 7,000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கங்க, மரத்துக்கு மட்டுமே 28,000 ஆச்சு, அப்புறம் கெமிக்கல், கரண்டு, ஆள் கூலி, வட்டி. கட்டைய வேக வெச்ச கருப்புத் தண்ணிய எரிச்சு ஆவியும் கரண்டும் எடுக்குற பெரிய மில்லாவது தாக்குப் பிடிக்கும், அந்த வசதி இல்லாத சின்ன மில்லெல்லாம் எப்பவோ கூழ் போடுறத நிறுத்திட்டு பழைய பேப்பருக்கு மாறிட்டாங்க. இன்னைக்கு இந்தியாவுல செய்யிற பேப்பர்ல பத்துக்கு ஏழு பங்கு பழைய பேப்பர்லேர்ந்துதான், மரத்துல இருந்து வர்றது ரெண்டு பங்குதான், மீதி கரும்புச் சக்கை, வைக்கோல் மாதிரி.

இப்ப பிரேசிலைப் பாருங்க. அங்க யூகலிப்டஸ், அதான் நம்ம தைல மரம், தோட்டம் கம்பெனிக்கே லட்சக்கணக்கான ஹெக்டேர் இருக்கு, ஏழு வருஷத்துல வெட்டு. 2024 ஜூலைல சுசானோங்கிற கம்பெனி ஒரே இடத்துல வருஷத்துக்கு 25.5 லட்சம் டன் கூழ் போடுற மில்லை ஓட்ட ஆரம்பிச்சாங்க. இந்த மாதிரி கூழ் சீனா சந்தையில 2022ல டன் 800 டாலரைத் தாண்டி நின்னுது, 2025 நடுவுல 500 டாலர் பக்கத்துக்கு வந்துருச்சு. நம்ம காசுக்கு 43,000 சொச்சம். கூட்டிக் கழிச்சுப் பாருங்க, கப்பல்ல வர்ற கூழ வாங்கிப் போடலாமா, கரூர், ஈரோடு பக்கம் லாரில வர்ற கட்டைய வேக வைக்கலாமான்னு மில்லுக்காரன் யோசிப்பானா மாட்டானா. உங்க கட்டை விலைக்கு மேல ஒரு மூடி இருக்கு, அந்த மூடி பிரேசில்ல சாவ் பாலோவுல இருக்குன்னு நான் கூட்டத்துல சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. நான் சிரிக்கிறதுக்காக சொல்லல.

நம்ம மில்லுக்கு ஏன் சொந்தத் தோட்டம் இல்லன்னு கேப்பீங்க. ஒரு காலத்துல காடே சொந்தம் மாதிரிதான் இருந்துச்சு. கேரளால மாவூர்ல கூழ்லேர்ந்து துணி நூலுக்கு நார் செஞ்ச ரேயான் ஃபாக்டரிக்கு டன் 1 ரூபாய்க்கு மூங்கில் குடுத்த கதை இன்னும் அந்தப் பக்கம் பேசுவாங்க. 1988 வனக் கொள்கை வந்து, தொழிற்சாலைக்கு வேண்டிய மரத்தை விவசாயிங்க கூட சேந்து நீங்களே வளத்துக்கங்கன்னு சொல்லிருச்சு, 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் கோதாவர்மன்ங்கிறவர் காட்டைக் காப்பாத்தப் போட்ட வழக்குல குடுத்த உத்தரவு காட்டுல வெட்டுறத இறுக்கிப் புடிச்சிருச்சு. மில்லு கையவிட்டு காடு போச்சு. நிலம் வாங்கலாம்னா உச்சவரம்பு, தமிழ்நாட்டுல அஞ்சு பேர் குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்ட் ஏக்கர் (நிலத்தோட தரத்தை வெச்சுக் கணக்கிடுற ஏக்கர்). அதனால மில்லு, விவசாயி தோட்டத்துக்கு வந்துதான் ஆகணும். இது என்னைக் கேட்டா நல்லதுதான், தெலங்கானா பத்ராசலம் பக்கம் குளோன் (ஒரு நல்ல மரத்துலேர்ந்து நகல் எடுத்த) தைலக் கன்னும் நம்ம மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி, கோயம்புத்தூர் மரம் ஆராய்ச்சி நிலையம் குடுத்த சவுக்கு ரகமும் அதனாலதான் வந்துச்சு. தமிழ்நாடு அரசோட பேப்பர் மில்லு டிஎன்பிஎல் 2004-05லேர்ந்து தோட்டத் திட்டம் நடத்துறதும் அதனாலதான். (அது ஆரம்பிச்சதே கரும்புச் சக்கையில பேப்பர் போடத்தான், சர்க்கரை மில்லு நசிஞ்சதும் சக்கை கொறைஞ்சு மரத்து மேல பாரம் ஏறுது, அது தனிக் கதை.)

மில்லுங்க நிலைமை இப்ப எப்படின்னா, 2022-23 மாதிரி ஒரு வருஷம் அவங்க வாழ்க்கையில பாத்ததில்ல, ஜேகே பேப்பர் மட்டும் 1,200 கோடி பக்கம் லாபம் காட்டுச்சு. 2024-25ல அது 400 கோடி சொச்சம். ஒரு பக்கம் கட்டை விலை, இன்னொரு பக்கம் இந்தோனேசியாவுல இருந்து ஆசியான் (தென்கிழக்கு ஆசிய நாடுங்க) ஒப்பந்தத்துல வரி இல்லாம இறங்குற பேப்பரும் அட்டையும். அட்டைக்கு மட்டும் 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு டன்னுக்கு 67,220 ரூபாய்க்குக் கீழ இறக்குமதி பண்ணக் கூடாதுன்னு 2026 மார்ச் வரைக்கும் ஒரு தடுப்பு போட்டுச்சு. 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாத்தத்துல பேப்பர் 18 சதவீதம், நோட்டுப் புக்கும் அதுக்குப் போற பேப்பரும் ஜீரோன்னு ஆச்சு, ஜீரோன்னா நல்லதுதானேன்னு தோணும், ஆனா மில்லு கெமிக்கலுக்கும் மத்ததுக்கும் கட்டுன வரியத் திரும்ப எடுக்க முடியாது, அது செலவுல ஏறிடும். இந்தக் காத்துல பலவீனமான மில்லு நிக்காது. அசாம்ல மூங்கில்ல பேப்பர் செஞ்ச ரெண்டு அரசாங்க மில்லு மூடி, ஜாகிரோடு மில்லு இருந்த எடத்துல இப்ப டாடாவோட சிப் ஃபாக்டரி எழும்புது. பெருசுங்க சின்னதை வாங்குது, 2025 மார்ச்ல செஞ்சுரியோட பேப்பர் தொழிலை ஐடிசி 3,500 கோடி கிட்ட குடுத்து வாங்குறதா அறிவிச்சாங்க. வாங்குற மில்லு எண்ணிக்கை கொறைஞ்சா உங்ககிட்ட பேரம் பேசுற கையும் கொறையும், இதையும் மனசுல வைங்க.

அப்ப தொழில் அழிஞ்சிருமா? இல்லவே இல்ல. உலக சராசரில ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 57 கிலோ பேப்பர்னா நம்ம ஊர்ல 15, 16 கிலோதான், ஆன்லைன் பார்சல் டப்பா, மருந்து அட்டைன்னு ஏறிக்கிட்டுதான் இருக்கும். தேவை இருக்கும், ரேட்டு மட்டும் ஊஞ்சல் ஆடும். இப்ப எல்லாரும் நடுறாங்க, நர்சரில குளோன் கன்னுக்கு முன்பணம் குடுத்து காத்திருக்காங்க, இதெல்லாம் ஒரே நேரத்துல வெட்டுக்கு வரும்போது விலை எறங்குறதுக்கான வாய்ப்புதான் அதிகம்னு என் கணிப்பு. 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சு கடலூர் பக்கம் சவுக்கெல்லாம் ஒரே ராத்திரில சாஞ்சப்ப, எல்லாரும் ஒரே வாரத்துல விக்க ஓடி, எடை மேடை வாசல்ல வண்டி வரிசை கட்டி நின்னதப் பாத்தவன் நான்.

அதனால நடவேண்டாம்னு சொல்லல. நாலு ஏக்கர் இருந்தா வருஷத்துக்கு ஒரு ஏக்கரா நடுங்க, நாலு வெவ்வேற வருஷ ரேட்டு உங்களுக்குக் கெடைக்கும். ஏக்கருக்கு 50 டன்னுன்னு விளம்பரம் பாத்து கணக்குப் போடாதீங்க, அது சொட்டு நீர் போட்டு கவனிச்ச தோப்பு, மானாவாரில 25 தாண்டாத தோப்பு எத்தனையோ நான் எடை போட்டிருக்கேன். மலைவேம்பு போட்டா ஏக்கருக்கு பத்து லட்சம்னு நம்பி, கடைசில கூழ்க் கட்டை விலைக்கு வித்த ஆளுங்க நம்பர் என் போன்லயே இருக்கு. ஒப்பந்தம் போட்டா குறைஞ்சபட்ச விலைன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, "அன்றைய சந்தை விலை"ன்னு மட்டும் இருந்தா அது ஒப்பந்தமே இல்ல. பட்டையோடயா உரிச்சா, வெட்டுக் கூலி, ஏத்துக் கூலி, லாரி வாடகை யாரு, எழுத்துல வாங்குங்க.

எடை முக்கியம். வெட்டுன கட்டை வெயில்ல தினமும் எடை இழக்கும். நான் ஃபீல்டுல இருந்தப்ப ஒரு மில்லு யார்டுல இடம் இல்லைன்னு வண்டிய அஞ்சு நாள் நிறுத்தி வெச்சுட்டாங்க, தோட்டத்து பக்கத்துல போட்ட எடைக்கும் அங்க போட்ட எடைக்கும் ஒன்றரை டன் வித்தியாசம், அந்தப் பெரியவர் என்னைப் பாத்து "தம்பி, என் மரம் எங்கப்பா போச்சு?"ன்னு கேட்டார். அதுல இருந்து வெட்டு ஆளுங்கள வரச் சொல்றதுக்கு முன்னாடி மில்லுல இருந்து இறக்குற தேதிய கையில வாங்கிக்கங்கன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன்.