பெரிய நாய் மெதுவாக வளரட்டும்

நான்கு மாத செயின்ட் பெர்னார்ட் குட்டியின் முன்னங்காலைத் தடவிப் பாருங்கள். பாதத்துக்குச் சற்று மேலே முண்டாக ஏதோ தட்டுப்படும். முதல்முறை நாய் வளர்ப்பவர்கள் வீக்கம் என்று பதறிவிடுவார்கள். குட்டி நொண்டவில்லை, தொட்டால் வலிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பயமில்லை. எலும்பு நீளும் இடம் அது.

நீண்ட எலும்புகளின் முனையை ஒட்டிக் குருத்தெலும்பு அடுக்கு ஒன்று உண்டு. பெயர் வளர்ச்சித் தட்டு. அங்கே செல்கள் பெருகிக்கொண்டே போக, பழைய செல்கள் இருந்த இடம் எலும்பாகும். கடைசியில் தட்டும் எலும்பாகி மூடிக்கொள்ளும். சிறிய இனங்களுக்கு ஒரு வயதுக்குள் வேலை முடிந்துவிடும். செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து போன்றவற்றுக்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். அதற்குள் அரைக் கிலோ சொச்சமாகப் பிறந்த குட்டி ஏறக்குறைய நூறு மடங்கு கனத்திருக்கும்!

எடை முந்திக்கொண்டால், இன்னும் இறுகாத மூட்டுதான் சுமக்க வேண்டும். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. பாதி நாய்களுக்கு, அவற்றோடு ஜோடி சேர்த்து ஒப்பிட்ட கூடப்பிறந்த நாயைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி. அவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு குறைவாகவே வந்தது. 2002-இல் வெளியான முடிவில், குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் எட்டிய வயது, 13 ஆண்டு; மற்றவற்றுக்கு 11.2. பட்டினி போடச் சொல்லவில்லை. விலாவைத் தடவினால் எலும்பு எளிதாகத் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான். கொழுகொழு குட்டி அழகுதான், ஆனால் அந்த அழகு மூட்டுக்கு ஆகாது.

அப்புறம் கால்சியம். வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மேற்பட்டதை அதிகம் உறிஞ்சாது. சில மாதக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கைகூடியிருக்காது. கொடுப்பதில் பெரும்பங்கு உள்ளே போய், குருத்தெலும்பு எலும்பாவதையே குலைக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரித்த சமச்சீர் தீனி கொடுக்கிறீர்களா? “பெரிய எலும்பாச்சே” என்று மாத்திரையும் சேர்த்துப் போடாதீர்கள்.

புல்தரையில் தன் போக்கில் ஓடி விளையாடட்டும், தடுக்க வேண்டாம். வண்டிக்குப் பின்னால் ஓடவிடுவது, உயரத்திலிருந்து திரும்பத் திரும்பக் குதிக்க வைப்பதெல்லாம் தட்டுகள் மூடிய பிறகு.

வளர்ச்சித் தட்டுகள் மூடுவதில் பாலின ஹார்மோன்களுக்கும் பங்குண்டு. மிகச் சிறுவயதில் கருத்தடை செய்தால் அவை மூடுவது தாமதமாகி, கால் எலும்பு கூடுதலாக நீளும். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன், உங்கள் நாயின் இனத்தைச் சொல்லி, எந்த வயதில் செய்யலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.