பூங்காவில் பழைய காசு கிடைத்தால்: கையை விட்டுப் போகும் முன் ஒரு கடிதம்

கடலூரில் என்னோடு மெட்டல் டிடெக்டர் தூக்கிக்கொண்டு அலைகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். வாரநாளில் எலக்ட்ரீஷியன், ஞாயிறு காலையில் காசு தேடுபவர். இரண்டு வருடம் முன்பு, மழை விட்ட ஒரு காலையில், ஒரு பூங்காவின் வேப்பமரத்தடியில் கருவி கத்தியது. முதல் குழியில் சோடா மூடி. அடுத்ததில் ஓர் ஓட்டைக் காலணா. மூன்றாவதில் ஒரு சாண் ஆழத்தில் ஆறு செப்புக்காசுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒன்றை விரலால் துடைத்தபோது ‘புதுச்சேரி’ என்று தமிழ் எழுத்து தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அடித்த துட்டு. எங்கள் இருவருக்கும் கை நடுங்கிவிட்டது.

நண்பர் நேர்மையானவர். நேராக ஒரு காவல் நிலையத்துக்குப் போய் மேஜைமேல் வைத்தார். பொழுது சாயும்வரை உட்கார வைத்து, “மீதி எங்கேய்யா?” என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பிறகு போகச் சொன்னார்கள். காகிதம் எதுவும் தரவில்லை. ஆறு மாதம் கழித்து விசாரித்தபோது, “அப்படி எதுவும் இங்கே வரலையே” என்று பதில் வந்தது.

மறைத்தவனுக்கு வரவேண்டிய மிரட்டல், தானாகக் கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு வந்தது. அவர் செய்த தவறு ஒன்றுதான்: பொருளைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

இதற்கான சட்டம் 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது, இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் அதன் கணக்கில் புதையல்தான். தங்கக் குடமாக இருக்கவேண்டியதில்லை. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் கூடிய விரைவில் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1878-ல் அந்தப் பத்து ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு ஒரு தேய்ந்த காலணாவைக்கூடச் சேகரிப்பவர்கள் அதைவிட அதிகம் கொடுத்து வாங்குகிறார்கள். ஆகவே ‘சின்னக் காசுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். ‘யாரும் புதைக்கவில்லை, தவறி விழுந்தது’ என்று உங்களுக்கு நீங்களே வக்கீலாகவும் ஆகாதீர்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டு மாட்டினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பங்கும் அரசுக்குப் போய்விடும்.

யாரிடம் தெரிவிப்பது என்பதில்தான் அலைக்கழிப்பு ஆரம்பம். வி.ஏ.ஓ.விடம் போனால் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்வார். ஸ்டேஷனில் தாலுகா ஆபீஸைக் காட்டுவார்கள். தாலுகா ஆபீஸில், “இது தொல்லியல் துறை விஷயம், மியூசியத்தில் கேளுங்க” என்பார்கள். மியூசியத்தில் இருப்பவர் காசை ஆசையாகப் பார்த்து, எந்தக் காலத்தது என்றுகூடச் சொல்லிவிட்டு, “கலெக்டர் வழியா வந்தாத்தான் நாங்க வாங்க முடியும்” என்று கையை விரிப்பார். அவர் சொல்வதுதான் சரி. சட்டத்தில் இருப்பது ஆட்சியர் மட்டும். நடுவில் இருக்கிற யாரிடமும் காசைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. தகவல் சொல்லலாம், அவ்வளவே. காவல்துறை கைப்பற்றுகிறோம் என்றால் தடுக்க வேண்டாம். ஆனால் எத்தனை காசு, என்ன எடை, என்ன உலோகம் என்று மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் ஆவணத்தில்) எழுதச் சொல்லி ஒரு நகல் கேளுங்கள். மறுத்தால் அன்றைக்கே ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் அதை எழுதி அனுப்புங்கள்.

கடிதம் வெள்ளைத்தாளில் போதும். இதற்கென்று படிவம் இருக்கிறதா என்று கேட்டு ஒரு வாரத்தை வீணாக்காதீர்கள். சட்டம் கேட்பது மூன்று விவரங்கள்: கிடைத்தது என்ன, தோராய மதிப்பு எவ்வளவு; கிடைத்த இடம்; கிடைத்த தேதி. நான் சேர்க்கச் சொல்வது நான்காவதாக ஒரு வரி: “மேற்படி பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க ஆணையிடவும், அல்லது தாங்கள் கோரும்போது ஆஜர்படுத்த உரிய பிணையம் ஏற்கவும் வேண்டுகிறேன்.” இந்த வரி இல்லாமல் நேராகக் கருவூலத்துக்குப் போனால், “கலெக்டர் லெட்டர் இருக்கா?” என்று கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஒப்படைக்கவில்லை என்ற பழி அப்புறம் உங்கள் தலையில் விழும்.

கடிதத்தைத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணோடு ஒப்புகை கிடைக்கும், கூட்டம் மட்டும் அதிகம். போக முடியாதவர்கள் ஒப்புகையுடன் தபாலில் அனுப்பலாம். காசுகளை இரண்டு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, எடை குறித்து, அதையும் இணையுங்கள். அதற்கு முன் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. பாத்திரம் துலக்குகிற பழக்கத்தில் செம்பின்மேல் படிந்த இருநூறு வருடத்துப் பச்சைப் படலத்தைச் சுரண்டி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காசின் மதிப்பும் போகும், ‘ஏன் தேய்த்தாய்?’ என்ற கேள்வியும் வரும்.

சரி, பூங்காவுக்கு வருவோம். இதுதான் எங்களைப் போன்றவர்கள் விழுகிற குழி. கருவியைக் காசு கொடுத்து வாங்கினால் தோண்டுகிற உரிமையும் சேர்ந்து வருவதாக நினைக்கிறோம். பூங்காவின் மண் மாநகராட்சியுடையது. “தோண்டிக்கோங்க சார், மூடிட்டுப் போங்க” என்று வாட்ச்மேன் சொன்னது அனுமதி ஆகாது. அவரே நாளைக்கு எனக்குத் தெரியாது என்பார். அவர் வேலையை அவர் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? ஆணையருக்கு எழுதி, பதில் எழுத்தில் வந்த பிறகு போங்கள். அனுமதி இல்லாமல் தோண்டியவருக்குச் சங்கடம் இரட்டை. புதையல் கடிதத்தில் இடத்தை எழுதியே ஆகவேண்டும், எழுதினால் அது அத்துமீறலுக்கு நீங்களே தரும் வாக்குமூலம். புல்தரையும் குழாயும் சேதமாகியிருந்தால் தமிழ்நாட்டின் 1992-ஆம் ஆண்டு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம்வரை இழுப்பார்கள். அப்படியிருந்தும் நான் சொல்வேன்: எழுதுங்கள். குழி தோண்டியதற்குத் திட்டு வாங்குவது, புதையலை மறைத்ததற்கு வழக்கைச் சந்திப்பதைவிட எவ்வளவோ மேல்.

கோட்டை இருந்த இடம் என்று தேவனாம்பட்டினம் பக்கமும், ரோமானியக் காசு ஆசையில் அரிக்கமேட்டுக்கும் கருவியோடு போகிறவர்கள் உண்டு. அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம். 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த மண் அது. இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் இல்லாமல் அங்கே ஒரு கரண்டி மண் எடுத்தாலும் குற்றம். பொழுதுபோக்கு என்று சொன்னால் எடுபடாது.

பங்கு விஷயத்துக்கு வருகிறேன். உரிமையாளர் யாரும் இல்லை என்று ஆட்சியர் அறிவித்த பிறகு, தனி ஒப்பந்தம் இல்லாவிட்டால் கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று, இடத்துக்காரருக்கு நாலில் ஒன்று. இதைப் படித்துவிட்டுப் பலர் கனவு காண்கிறார்கள். அதே சட்டத்தில், பங்கு பிரிப்பதற்கு முன் ஆட்சியர் மொத்தத்தையும் அரசுக்காக எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. அப்போது தருவது பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும்தான். பழமைக்கு ஒரு பைசா கிடையாது. பத்து கிராம் செம்புக்காசுக்கு இந்தக் கணக்கில் ஒரு டீ குடிக்கலாமா என்பதே சந்தேகம். இது நியாயமா என்றால், இல்லை. ஆனால் கனவோடு போய் ஏமாறுவதைவிடத் தெரிந்து போவது நல்லது.

இரண்டு பேராகத் தேடினால் ‘கண்டெடுத்தவர்’ யார்? கருவி ஒருவருடையது, தோண்டிய கை இன்னொருவருடையது. போகும் முன்பே, கிடைப்பதில் ஆளுக்குப் பாதி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆட்சியருக்குப் போகும் கடிதத்திலும் இரண்டு பெயரும் இருக்கட்டும். எங்கள் கதையில் என் பெயர் எங்கும் இல்லை. அதனால்தான் நண்பர் ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்திருந்தார்; அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கடிதம் கொடுத்த பிறகு தூங்கிவிடாதீர்கள். ஆட்சியர் ஓர் அறிவிப்பு வெளியிட்டு, அன்றிலிருந்து நான்கு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாளைக் குறிப்பார். உரிமை கோருகிறவர்கள் அன்று நேரிலோ ஆள் மூலமோ ஆஜராக வேண்டும். வராதவர் உரிமையை இழப்பார். அறிவிப்பு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாதம் ஒருமுறை மனு எண்ணைச் சொல்லி, தேதி குறித்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

இதற்கிடையில் யாராவது நல்ல விலை சொல்வார். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி தொல்பொருள்; உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்யக்கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்பினால் குறைந்தது ஆறு மாதம் சிறை, மூன்று ஆண்டுவரை போகலாம். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு ‘ஆஃபர்’ கேட்பதும் வேண்டாம். அந்தப் படம்தான் பிறகு சாட்சி.

மூன்று மாதமாகியும் பதிலே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு. “என் மனுவின் நிலை என்ன?” என்று கேட்டால், “பரிசீலனையில் உள்ளது” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இந்தத் தேதியில் இந்த எண்ணில் பெறப்பட்ட என் கடிதம் எந்தெந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், பொருள் இப்போது யார் பொறுப்பில் உள்ளது என்பதற்கான பதிவேட்டு நகல். பதில் தர 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நண்பருக்காக இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பதும் இதுதான், முத்திரை வாங்காத அந்த ஆறு காசுக்காக.