'போர 12': அந்தப் பன்னிரண்டு எதன் கணக்கு?

"போர 12 ரகத் துப்பாக்கியுடன் ஒருவர் கைது." இலங்கையின் அம்பாறைச் செய்திகளில் இப்படியொரு வரியைப் பார்த்திருப்பீர்கள். இது யுத்தத்தைக் குறிக்கும் போர் இல்லை. மட்டக்களப்பு மாவட்டத்துப் போரதீவுப்பற்றுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, யானையும் பன்றியும் இறங்குகிற, துவக்கு நினைவுக்கு வருகிற வயல் வட்டைகள் அங்கே நிறைய என்பதால் யாராவது அப்படி நினைத்தாலும் குற்றமில்லை.

துவக்கின், அதாவது துப்பாக்கியின், குழல் உள்துளையை ஆங்கிலத்தில் 'போர்' என்பார்கள். அது சிங்களத்துக்குப் போய் 'போர' ஆனது. சிங்களத்தில் எண் பெயருக்குப் பின்னால் வரும், ஆகவே 'போர தொளஹ'. சிங்கள அறிக்கையை அவசரத்தில் தமிழாக்குகிறவர் தொளஹவை மட்டும் 12 ஆக்கிவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டால் கிடைப்பதுதான் 'போர 12'. ஆங்கிலத்திலிருந்து நேராக எடுத்தவர்கள் 'டுவெல்வ் போர்' என்பார்கள், எண் முன்னால் வந்துவிடும்.

சரி, பன்னிரண்டு என்ன? மில்லிமீற்றரும் இல்லை, அங்குலமும் இல்லை. ஒரு இறாத்தல் ஈயத்தை, அதாவது ஏறக்குறைய 454 கிராமை, ஒரே அளவான 12 உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 38 கிராம் வரும். அந்த உருண்டை சரியாக அடங்குகிற குழல்தான் 12 போர், உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீற்றர். அதே ஈயத்தை 20 உருண்டையாக்கினால் உருண்டை சிறுக்கும், குழலும் சிறுக்கும். அதனால் எண் கூடக் கூடத் துளை ஒடுங்கும். 16 போர் என்றதும் 12ஐவிடப் பெரிது என்று நினைப்பவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். இதில் .410 மட்டும் தனிக்கட்டை, அது வெறும் அங்குலக் கணக்கு, ஆங்கிலத்தில் 'ஃபோர் டென்' என்பார்கள்.

அங்குலக் கணக்கு என்றால் .303ஐச் சொல்லாமல் விட முடியாது. பிரித்தானிய இராணுவம் 1880களின் கடைசியில் எடுத்த தோட்டா அது, 0.303 அங்குலம், மில்லிமீற்றரில் 7.7. பிரித்தானியர் பூச்சியத்தை 'நோட்' என்று சொன்னதால் நம் வாயிலும் 'திரீ நோட் திரீ' என்றே நின்றுவிட்டது, முன்னால் இருக்கிற தசம் காற்றோடு போய்விட்டது. அதைத் தமிழில் முந்நூற்று மூன்று என்று வாசிப்பது பிழை. பள்ளிக்கூடத்தில் தசத்துக்குப் பின்னால் இலக்கம் இலக்கமாக வாசிக்கப் பழக்கினார்களே, அதேதான்: தசம் மூன்று பூச்சியம் மூன்று. 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவும் அப்படியே 'ஏழு தசம் ஆறு இரண்டு', ஆங்கிலத்தில் 'செவன் சிக்ஸ் டூ'. அதற்குப் பக்கத்தில் ×39 என்று இருந்தால் பெருக்கப் போகாதீர்கள், 39 என்பது தோட்டாக் கோதின் நீளம், மில்லிமீற்றரில். வாசிக்கும்போது 'பை தேர்ட்டி நைன்'.

அந்தத் தோட்டாவைப் போடுகிற ரி-56 துப்பாக்கியின் 56 இன்னொரு சாதி. சீனாவில் 1956ஆம் ஆண்டு மாதிரி என்பதற்காக வந்த எண், ஏ.கே. 47இல் 1947 இருப்பதைப்போல. ஆண்டு என்பதால் 'ரி ஐம்பத்தாறு' என்று முழு எண்ணாகச் சொல்லலாம், 'ஃபிஃப்டி சிக்ஸ்' என்றாலும் தப்பில்லை. அமெரிக்கத் தோட்டா .30-06இல் விட்டமும் ஆண்டும் ஒன்றாகவே நிற்கின்றன, 06 என்பது 1906. அவர்கள் வாயில் அது 'தேர்ட்டி ஓட் சிக்ஸ்'.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். துப்பாக்கியும் துவக்கும் துருக்கிய வழியாக வந்தவை, ஆனால் இப்போது நம்முடையவைதான், அவற்றை மாற்றத் தேவையில்லை. மில்லிமீற்றரிலோ அங்குலத்திலோ வருகிற அளவுக்குக் 'குழல்விட்டம்' பொருந்தும். போர 12க்கு அது சரிவராது, அந்த 12 விட்டமே இல்லையே. அதற்கு என் தெரிவு 'பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு'. எண் முன்னால் வரும், யுத்தக் குழப்பமும் இராது. 'ரகம்' என்ற ஒட்டையும் விட்டுவிடலாம், ரி-56இல் 'ரி' என்பதே ரகம் என்ற பொருளுள்ள 'ரைப்' (Type) என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, 'ரி-56 ரகத் துப்பாக்கி' என்று எழுதினால் ரகத்தை இரண்டு தரம் எழுதியதாகிவிடும்.